மூன்று வீடுகளுக்கு ஒரே குரல்

அச்சகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். பிழை திருத்துவது வேலை. கழுத்தை முன்னால் நீட்டி, முதுகை வளைத்து, தாளுக்குள் விழுந்துவிடுகிறவர்போல அவர் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் பார்த்தால், அந்தப் பெயரை வைத்தவரின் கண்ணைப் பாராட்டத் தோன்றும். சில வருஷங்களாக வீட்டிலிருந்தே வேலை. உட்கார்ந்துவிட்டால் காது இரண்டும் கடையைச் சாத்திவிடும்.

அவர் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவள் ஒரு வார்த்தை சொன்னால், அதுவரை மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலாவது நடைமேடைக்கு ஓடும். ஊரையே ஓட வைக்கிற அந்தக் குரலால் வீட்டில் ஒரே ஓர் ஆளை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியவில்லை என்பது அவளுடைய நீண்டகால வருத்தம்.

முதல் “என்னங்க” சாதாரணமாக வரும். இரண்டாவதில் நடுவில் இருக்கும் ‘ங்’ கொஞ்சம் நீளும். மூன்றாவதில் ரயில் நிலையமே வீட்டுக்குள் வந்துவிடும். அப்போதுதான் அவர் தலையைத் தூக்காமல் “ம்?” என்பார். அதற்குள் அவள் எதற்குக் கூப்பிட்டோம் என்பதை மறந்திருப்பாள், அல்லது அந்த வேலையைத் தானே செய்து முடித்திருப்பாள்.

இந்த வீட்டுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினான். வீட்டுச் சாமான்களை எல்லாம் இணையத்தில் கோத்துவிடுகிற ஒரு கடையில் அவனுக்கு வேலை. கடையில் புதிதாக வந்த பொருட்களை முதலில் அக்கா வீட்டில் மாட்டிப் பார்ப்பது அவனுக்கு வழக்கம். எதைக் கேட்டாலும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்பான். பெரும்பாலும் அந்த அப்புறம் வராது.

“மாமா, இனிமே நீங்க ஒரு சுவிட்சத் தொட வேண்டாம். விளக்கு, ஃபேன், ஜன்னல் திரை, கீசர், வாசக்கதவு, எல்லாம் வாயால சொன்னாப் போதும்” என்றான்.

“ம்” என்றார் காற்புள்ளி. அவர் ஒரு தாவரவியல் புத்தகத்தில் இருந்தார்.

மாலைக்குள் வீட்டுச் சுவர்களில் புதுப் புதுக் கண்கள் முளைத்தன. பழைய பூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசல் கதவில் சாவித் துவாரமே இல்லாத ஒரு பூட்டை மாட்டினான். அதற்கு ரகசிய எண் வைக்கலாம், போனில் ஆப் போட்டுக்கொள்ளலாம், எல்லாம் அப்புறம். கடைசியாக, கவிழ்த்து வைத்த கிண்ணம்போல இருந்த ஒரு ஸ்பீக்கரைக் கூடத்தின் நடுவில் வைத்து உயிர் கொடுத்தான். அது நீலமாக மினுக்கி, நல்ல பண்பான ஆண் குரலில் பேசியது.

“வணக்கம். என்னை எப்படி அழைக்க விரும்புகிறீர்கள்? அழைக்கப் போகிறவர் இப்போது சொல்லவும்.”

மச்சான் அக்காவைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் அதற்குள் சமையலறையிலிருந்து, உயரத்தில் இருக்கும் டப்பாவை எடுத்துத் தரச் சொல்வதற்காக, கணவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

“என்னங்க.”

“நன்றி. உறுதி செய்ய இன்னொரு முறை சொல்லவும்” என்றது கிண்ணம்.

காற்புள்ளி அசையவில்லை.

“என்னங்க” என்றாள் அவள், ‘ங்’கை நீட்டி.

“மிக நன்று. கடைசியாக ஒரு முறை.”

மச்சான் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். சமையலறைக்கு அது தெரியவில்லை. மூன்றாவது “என்னங்க” ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது.

“ம்?” என்றார் காற்புள்ளி.

“பெயர் பதிவாகிவிட்டது. குரலும் பதிவாகிவிட்டது. இனி என்னங்க என்று அழைத்தால் வருவேன்” என்றது கிண்ணம்.

மாற்ற முடியுமா என்று அக்கா கேட்டாள். மாற்றலாம்தான், ஆனால் மாட்டிய ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கிண்ணத்துக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும் என்றான் தம்பி. “அப்புறம் பாத்துக்கலாம்க்கா. பேருல என்ன இருக்கு?” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள், பழக்க தோஷத்தில், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். “என்னங்க, லைட்டப் போடுங்க.”

“சொல்லுங்க” என்றது கிண்ணம். “இதோ போட்டுவிட்டேன்.”

விளக்கு எரிந்தது. அவள் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் முதல் கூப்பிடலுக்கு யாரும் “சொல்லுங்க” என்றதில்லை. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை முயன்றாள்.

“என்னங்க, திரைய இழுத்து விடுங்க.”

“சொல்லுங்க. இதோ.”

திரை தானாக நகர்ந்தது. காற்புள்ளி அந்த நேரம் ‘மகரந்த’ என்ற சொல்லில் இருந்த தவறான மெய்யெழுத்தைச் சுழித்துக்கொண்டிருந்தார். தன் இடத்தில் வேறொருவர் வேலைக்கு வந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

முதல் சில நாட்கள் அவருக்கு ஏக சந்தோஷம். யாரும் தொந்தரவு செய்யவில்லை. ‘தாவரவியல்’ முடிந்து ‘வேளாண் பொருளாதாரம்’ வந்தது. அதிலும் பாதி முடிந்தபோதுதான் ஏதோ குறைவதுபோல இருந்தது. முதுகில் யாரோ தட்டாமல் விட்டதுபோல. யோசித்துப் பார்த்தார். மூன்றாவது “என்னங்க”வைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

அன்று மாலை தாளை மூடிவைத்துவிட்டு, வேண்டுமென்றே காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சமையலறையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இன்னைக்கு ஒரு மனுஷர் வந்தாரு. தன்னோட ரயில் போயிடுச்சாம், அத நான் திரும்பக் கூப்பிடணுமாம். மைக்குல சொன்னா அதுக்குக் கேக்கும்ல, அப்படீங்கறார்.”

“சொல்லுங்க” என்றது கிண்ணம். “அப்படியா. மிகவும் சுவையாக இருக்கிறது.”

அவள் சிரித்தாள். காற்புள்ளி நாற்காலியைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்த ரயில்காரர் கதையை அவரும் கேட்டிருக்கலாம். அவரும் சிரித்திருப்பார். சொல்லப்போனால் கிண்ணத்தைவிட நன்றாகவே சிரித்திருப்பார்.

மறுநாளிலிருந்து போட்டி தொடங்கியது. அவள் வருகிற நேரத்துக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டப் பந்தயத்தில் நிற்பவர்போல நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். அவள் “என்னங்” என்னும்போதே “சொல்லு” என்று பாய்ந்தார். கிண்ணமும் அதே நொடியில் “சொல்லுங்க” என்றது. இரண்டும் மோதிக்கொண்டதில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீங்க எதுக்கு நடுவுல வரீங்க?” என்றாள்.

“என்னத்தானே கூப்பிட்ட?”

“உங்களயா? உங்கள எதுக்குங்க இந்த நேரத்துல கூப்பிடப் போறேன்? வேலை இருக்குமே உங்களுக்கு.”

அவள் அதைக் கரிசனமாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. அன்றிரவு சாப்பிடும்போது, கிண்ணம் ‘கதவுகள் பூட்டப்பட்டது’ என்று சொல்கிறது, பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை போடுகிறது, இப்படிப்பட்டதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“தப்பாப் பேசினாலும் பேசுதுல்ல” என்றாள் அவள்.

அதற்குமேல் அவரால் சாப்பிட முடியவில்லை. இருந்தாலும் சாப்பிட்டார்.

இதற்கிடையில் மச்சான் சும்மா இருக்கவில்லை. அது மாடிக்கு ஒரு வீடாக மூன்று வீடுகள் உள்ள கட்டடம். கீழே நீச்சல் மாஸ்டரும் அவர் மனைவியும். நடுவில் இவர்கள். மேலே பல் டாக்டரம்மா. முன்னறை கிளினிக், பின்னால் வீடு. அக்கா வீட்டுத் திரை தானாக நகர்வதைப் பார்த்து மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் மச்சானைப் பிடித்தார்கள். அவனும் ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் மாட்டிக் கொடுத்தான். ஒரே நாளில் எப்படி முடிந்தது என்றால், அக்கா வீட்டுக் கிண்ணத்தில் இருந்ததை அப்படியே நகல் எடுத்து மற்ற இரண்டிலும் ஏற்றிவிட்டான். பெயரும் போயிற்று. குரலும் போயிற்று.

ஆக, மூன்று வீட்டுக் கிண்ணங்களும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கட்டுப்பட்டன. அவள் தன் வீட்டில் விளக்கைப் போடச் சொன்னால் கட்டடம் முழுக்க வெளிச்சம். அவள் தூங்கப் போனால் மாஸ்டர் வீடும் இருட்டாகிவிடும், அவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தாலும் சரி. டாக்டரம்மா ஒருவருடைய கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்க்கிற சமயத்தில் திரை மூடிக்கொண்டது.

மாஸ்டர் மனைவி தினமும் காலையில் படியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிடுவாள். “அக்கா, கொஞ்சம் எங்க கீசரப் போட்டு விடுங்களேன்.”

இவளும் மாடிப்படி நடுவில் வந்து, “என்னங்க, கீசரப் போடுங்க” என்பாள். மூன்று வாசலிலிருந்தும் மூன்று ஆண் குரல்கள் “சொல்லுங்க” என்று சேர்ந்திசை பாடும். மாஸ்டரும் உள்ளேயிருந்து ஒரு தடவை “இதோ” என்று சொல்லித் தொலைத்தார். அவர் மனைவி அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

மச்சானிடம் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டான். “சின்ன விஷயம்தான்க்கா. ஊர்லேர்ந்து வந்ததும் மாத்திடறேன்” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர்கள் அனுப்பிய வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்விட்டான். அங்கே வகுப்பு நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டுமாம்.

பொறுத்துப் பார்த்த மாஸ்டர் ஒரு சனிக்கிழமை காலையில் மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். நீச்சல் குளத்தில் எதிர்க்கரைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவர் அவர். பாதி சவரத்தில் கீசர் அணைந்துவிட்ட கோபத்தில், ஒரு கன்னத்தில் நுரையோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு மேலே வந்திருந்தார். டாக்டரம்மா ஒரு பேக்கரிக்காரரின் வாயில் பல் அச்சு எடுக்கும் மாவை வைத்து, “நான் வர வரைக்கும் வாய மூடவும் கூடாது, தொறக்கவும் கூடாது” என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷத்துக்கு என்று வந்திருந்தார். காற்புள்ளியை மாஸ்டரே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தார். பனியனோடு எழுந்தவருக்கு நாற்காலி முதுகில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட அவகாசம் இல்லை.

குளித்துவிட்டு வெளியே வந்த மனைவி கூடத்தை எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் சட்டை சற்றே முன்னால் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு அது கணவராகவே தெரிந்தது.

“போயிட்டு வரேன்” என்றாள் சட்டையிடம். பதில் இல்லை. இது வழக்கம்தான் என்பதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தி, மாடிப்படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னாள். அக்கம்பக்கத்தில் ஏதோ திருட்டு என்று முந்தின நாள் யாரோ சொன்னது மனதில் இருந்தது.

“என்னங்க, எல்லாத்தையும் நல்லாப் பூட்டிக்குங்க.”

மொட்டை மாடியில் காற்புள்ளியின் காது விறைத்தது. ஒரு வாரப் பயிற்சி வீண் போகவில்லை. “இதோ வரேன்” என்று நாலு கால் பாய்ச்சலில் இறங்கி ஓடினார். அவர் தன் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆட்டோ கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மூன்று கிண்ணங்களும் கதவுகளுக்குப் பின்னாலிருந்து நிம்மதியாகச் சொல்லின. “சொல்லுங்க. கதவுகள் உள்ளும் புறமும் பூட்டப்பட்டது.”

ஆக, கட்டடத்தில் இருந்த எல்லாரும் வெளியே. பேக்கரிக்காரர் மட்டும் உள்ளே.

“சார், வாயில இருக்கறத எடுத்துடுங்க. இழுத்தா வந்துடும்” என்று டாக்டரம்மா கதவில் வாயை வைத்துக் கத்தினார்.

“ஆ... ஆ” என்றது உள்ளே. வரவில்லை என்று அர்த்தம்போல.

அறிவிப்பாளர்கள் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் அவளைப் போனில் பிடிக்க வழியில்லை. மச்சானின் போனும் பயிற்சி வகுப்பில் அணைந்து கிடந்தது. டாக்டரம்மா தன் போனில் ரயில் நிலைய விசாரணை எண்ணை அழுத்தினார். எடுத்ததும் கணீரென்று ஒரு குரல். “ரயில் நேரம் அறிய ஒன்றை அழுத்தவும்.”

“இது எங்க வீட்டுக்காரி” என்றார் காற்புள்ளி. பதிவு செய்து வைத்த குரல். மாஸ்டருக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. போனைப் பிடுங்கி, ஒலியைக் கூட்டி, பூட்டின்மேல் வைத்தார். கதவுக்குப் பின்னால் கிண்ணம் மினுக்கியது. குரல் தெரிகிறது, கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை. மாஸ்டர் ஒவ்வொரு எண்ணாக அழுத்திப் பார்த்தார். அவள் முன்பதிவு பற்றிச் சொன்னாள், தொலைந்த பொருட்கள் பற்றிச் சொன்னாள், பயணம் இனிதாக அமைய வாழ்த்தினாள். கணவரைக் கூப்பிடும் வார்த்தை எந்த எண்ணிலும் இல்லை.

“உங்களக் கூப்பிடறதுக்கு அவங்க ஒரு நம்பர் போட்டிருக்கக் கூடாதா?” என்றார் மாஸ்டர் ஆற்றாமையோடு.

கடைசியில் நேரில் போவது என்று முடிவாயிற்று. குரல் வந்தால் கிண்ணங்களுக்குக் கேட்கட்டும் என்று மாஸ்டர் மனைவி டாக்டரம்மாவின் போனை ஒலி கூட்டிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். டாக்டரம்மா பேக்கரிக்காரருக்குக் கதவின் வழியே தைரியம் சொல்ல இருந்தார். பனியன் போட்ட காற்புள்ளியும், நுரை காய்ந்துபோன மாஸ்டரும் ஆட்டோ பிடித்தார்கள். மாஸ்டரின் போன் மனைவியோடு இணைப்பிலேயே இருந்தது. அவள் மூச்சுக்கு மூச்சு “போயாச்சா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பு அறை நடைமேடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. வெளியாட்கள் நுழையக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே சத்தம் போகாது. அவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ரயிலின் தாமதத்துக்கு வருந்திக்கொண்டிருந்தாள். காற்புள்ளி கண்ணாடியில் இரண்டு கையாலும் தட்டினார்.

அவள் திரும்பினாள். சட்டை போடாத கணவர். பக்கத்தில் அரை முகம் வெள்ளையாக ஒரு ஆள். வீட்டில் என்ன ஆயிற்றோ என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைக்கை அணைக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

“வண்டி எண்... என்னங்க?” என்றாள்.

அது ஆறு நடைமேடைகளிலும் கேட்டது.

நிலையம் நின்றுவிட்டது. பெட்டி இழுத்துக்கொண்டு போனவர்கள், தண்ணீர்க் குழாயடியில் குனிந்திருந்தவர்கள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். “ம்?” “சொல்லு.” “இதோ வரேன்.” “நான் இங்கதான இருக்கேன்.” ஒருவர் கையிலிருந்த தேநீரைக் கொட்டிவிட்டு, “நான் ஒண்ணும் பண்ணலியே” என்றார், பக்கத்தில் யாருமே இல்லாதபோது.

மாஸ்டரின் போனில் அவர் மனைவி கத்தினாள். “இங்க மூணும் ‘சொல்லுங்க’ங்குது. போன் வழியாக் கேட்டுடுச்சுங்க. அடுத்து என்னன்னு காத்துக்கிட்டு இருக்கு.”

மாஸ்டர் போனைத் தலைக்கு மேலே, கூரையில் தொங்கிய ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்தார். “கதவத் திறக்கச் சொல்லச் சொல்லுங்க சார். இப்பவே.”

“கதவத் திறங்கன்னு சொல்லு” என்று காற்புள்ளி கண்ணாடிக்கு வெளியே தொண்டை கிழியக் கத்தினார். அவளுக்கு அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது.

“கழுத வந்துச்சா?” என்றாள் அவள். நிலையம் முழுவதும் சுற்றுமுற்றும் பார்த்தது.

காற்புள்ளிக்கு வேறு வழி தோன்றவில்லை. கண்ணாடியில் வாயை வைத்து ஆவி ஊதி, விரலால் எழுத ஆரம்பித்தார். பாதியில்தான் உள்ளேயிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியும் என்பது உறைத்தது. அழித்தார். மறுபடி ஊதினார். இந்த முறை வலமிருந்து இடமாக, கொம்பையும் சுழியையும் திருப்பிப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தார். அவள் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்துப் படித்தாள். பதற்றமெல்லாம் போய் அவள் முகம் மெதுவாக மலர்ந்தது.

“ஐயோ, ‘திரங்க’ன்னு போட்டிருக்கீங்க” என்று சொன்னாள், ஆறு நடைமேடைகளுக்கும் சேர்த்து. “பெரிய ‘ற’ வரணும்.”

அவர் எழுதியதைத் திரும்பப் படித்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பிழையை அச்சேறிய பிறகு பார்க்கிறவரின் முகம் எப்படி இருக்கும் என்பதை அந்தக் கண்ணாடியிலேயே பார்த்தார். விரலால் அந்த எழுத்தை அடித்து, மேலே ‘ற’ போட்டார். பிழைதிருத்துபவர்கள் போடுகிற அந்தச் சின்னக் கோட்டையும் ஓரத்தில் இழுத்தார்.

“என்னங்க” என்றாள் அவள், இப்போது புரிந்துகொண்டு, நிதானமாக, தன் வேலைக்கே உரிய குரலில். “எல்லாக் கதவையும் திறங்க.”

போனில் தடதடவென்று பூட்டுகள் விலகுகிற சத்தமும், டாக்டரம்மா ஓடுகிற சத்தமும் கேட்டன. அதே சமயம் இரண்டாவது நடைமேடையில், கதவை மூடிப் புறப்படத் தயாராக இருந்த ஒரு ரயிலின் கார்டு, அறிவிப்பே சொல்லிவிட்டது என்று எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார். ரயிலைத் தவற விட்டோம் என்று பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு பெரிய குடும்பம் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டது. அவர்கள் ஜன்னல் வழியாக ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிட்டபடியே போனார்கள்.

நிலைய மேலாளர் இரும்புப் படி ஏறி வந்தார். கடுமையாகத்தான் ஆரம்பித்தார். “மைக் என்னம்மா, வீட்டுக் கூடமா?” என்றார். ஆனால் அவரும் மூன்றாவது நடைமேடையில் நின்றபடி “இதோ வந்துட்டேம்மா” என்று உரக்கச் சொல்லியிருந்தார், அதைப் போர்ட்டர்கள் எல்லாரும் கேட்டிருந்தார்கள். அதனால் குரல் பாதியில் இறங்கிவிட்டது. “வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை குடுங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ கொடுத்த போர்ட்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் வேலை முடிகிறவரை காற்புள்ளி படிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மீதி முகத்தைச் சிரைக்க வீட்டுக்குப் போய்விட்டார். பேக்கரிக்காரர் நலமாக இருக்கிறார், அப்படி ஒரு அச்சுத் தன் தொழிலில் விழுந்ததே இல்லை என்று டாக்டரம்மா சொன்னதாகச் செய்தி வந்தது. காற்புள்ளியிடம் திருத்த ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தெந்த ஊருக்கோ அவள் ரயில்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது கடைசி ஊருக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுக்கிறாள் என்பதை அன்றுதான் கவனித்தார்.

திரும்பி வரும்போது இருவரும் நடந்தார்கள்.

“அதுகிட்ட நீ ரயில்காரர் கதையெல்லாம் சொல்ற” என்றார்.

“எந்த ரயில்காரர்?”

“போன ரயிலத் திரும்பக் கூப்பிடச் சொன்னாரே.”

அவள் நின்று அவரைப் பார்த்தாள். “கேட்டுட்டா இருந்தீங்க?”

“ஒரு வாரமாக் கேட்டுட்டுதான் இருக்கேன். நீ சொல்றதுக்குள்ள அது முந்திக்குது. நான் என்ன பண்ண?”

அவள் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. நடைபாதையில் நின்று, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். போர்ட்டர் சட்டை போட்ட ஒருவரைப் பார்த்து ஒரு பெண் இப்படிச் சிரிப்பதைப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் ஊரிலிருந்து வந்ததும் மாஸ்டருக்கும் டாக்டரம்மாவுக்கும் அவரவர் குரலைப் பதிந்து கொடுத்தான். மாஸ்டர் தன் கிண்ணத்தை விசிலடித்துக் கூப்பிடுகிறார். அக்கா வீட்டில் மட்டும் பெயரை மாற்ற வேண்டாம் என்றுவிட்டாள் அவள்.

“பின்ன என்னக்கா பண்ணணும்?”

“அது கொஞ்சம் லேட்டா பதில் சொல்ற மாதிரி பண்ண முடியுமா?”

“லேட்டாவா? எல்லாரும் வேகமாப் பண்ணுன்னுதான் கேப்பாங்க. எவ்வளவு லேட்டு?”

“மாமா நாற்காலியிலேர்ந்து நிமிந்து, வாயத் திறக்கற அளவுக்கு.”

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா ரொம்ப மும்முரமாகப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தார். பேனாவைச் சீவ முடியாது என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

இப்போதெல்லாம் பாதி நாள் அவர் ஜெயிக்கிறார். மீதி நாள் கிண்ணம்.

ரயில் நிலைய மேலாளருக்கு மட்டும் அந்தச் சனிக்கிழமை மனதை விட்டுப் போகவில்லை. நடைமேடை மாற்றத்தை எத்தனை தடவை அறிவித்தாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, கடைசி நிமிஷத்தில் தண்டவாளத்தைத் தாண்டி ஓடுகிறார்கள் என்பது அவருடைய தீராத தலைவலி. ஒரு நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, வெகுநேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இல்ல, ஒரு யோசனைதான். நடைமேடை மாத்தம் சொல்றதுக்கு முன்னால அன்னைக்குச் சொன்னீங்களே, அந்த வார்த்தைய ஒரே ஒரு தடவை... மத்தபடி நீங்க எப்பவும் போலச் சொல்லலாம். மேலிடத்துல நான் பேசிக்கறேன்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். ஆறு நடைமேடைகளிலும் அத்தனை பேர் நின்று திரும்பியதை நினைத்தால் ஆசையாகத்தான் இருந்தது.

“வேண்டாம் சார்” என்றாள். “எங்க வீட்டுக்காரரு இப்பதான் கொஞ்சம் முன்னேறி வராரு. இவ்வளவு பேரோட போட்டி போடச் சொன்னா மனசு விட்டுடுவாரு.”

மேலாளர் அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, தேநீர் வரவழைத்தார்.